ஆடிய கடைவாய்ப்பல்: ஆறு வயதுச் சிறுவனின் தாடையில் பர்கிட் லிம்போமா

பின்னணி

காவிரிப் படுகைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 6 வயதுச் சிறுவன். எடை 18 கிலோ, உயரம் 110 செ.மீ. அதற்கு முன் பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. பல் துலக்கிவிடும்போது வலப்பக்க மேல் கடைவாய்ப்பல் ஆடுவதைத் தாய்தான் முதலில் பார்த்தார். பால் பல் விழும் வயது என்பதால் வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆறு வயதில் ஆடி விழுபவை முன்பற்கள். பால் கடைவாய்ப்பற்கள் விழுவது பெரும்பாலும் 9 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில். சொத்தையும் இல்லை, அடியும் படவில்லை, ஆனாலும் ஆறு வயதில் கடைவாய்ப்பல் ஆடுகிறது என்றால், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பை ஏதோ அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்தச் சிறுவனுக்கு அந்தப் பல்லில் சொத்தை இல்லை.

பல் மருத்துவமனை ஒன்றில் பல் பிடுங்கப்பட்டது. ஐந்து நாள் அமாக்சிசிலின் கொடுத்தார்கள். பல் பிடுங்கிய குழி மூடவில்லை. பத்தாம் நாள் அதிலிருந்து சதை வளர்ந்து வெளியே தெரிந்தது, கன்னமும் வீங்கியது. அடுத்துப் போன இடத்தில் ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பார்த்ததில் 'அழற்சியும் இறந்த திசுவும், முடிவு சொல்ல இயலாது' என்று அறிக்கை வந்தது. வீக்கம் குறைவதற்காக மூன்று நாள் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சிரப் தரப்பட்டது. இரண்டே நாளில் வீக்கம் பாதியாகக் குறைந்தது. குடும்பத்தார் நிம்மதியடைந்தார்கள். சிரப் நின்ற ஐந்தாம் நாள் கன்னம் முன்னைவிடப் பெரிதானது, கண்ணும் பிதுங்கத் தொடங்கியது. குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பப்பட்டபோது, பல் ஆடத் தொடங்கி 26 நாள் ஆகியிருந்தது.

ஸ்டீராய்டுக்கு இவ்வளவு வேகமாகக் குறைந்து, நிறுத்தியதும் அதே வேகத்தில் திரும்பும் கட்டி என்றால் லிம்போமா (நிணநீர் உயிரணுக்களின் புற்றுநோய்) என்ற ஐயம் வந்தாக வேண்டும். சீழ்க்கட்டி அப்படி நடந்துகொள்ளாது.

முதல் நாள் கண்டவை

வலது கன்னத்தில் 5 செ.மீ.க்கு 4 செ.மீ. கெட்டியான வீக்கம். தோலில் சிவப்போ சூடோ இல்லை, காய்ச்சலும் இல்லை. வலது கண் லேசாகப் பிதுங்கியிருந்தது, ஆனால் கண்ணசைவும் பார்வையும் சரியாக இருந்தன. வாய்க்குள் வலப்பக்க மேல் ஈறு முழுவதும் தடித்து, பல் பிடுங்கிய குழியிலிருந்து ஊதா நிறச் சதை நீட்டிக்கொண்டிருந்தது. அதுவரை யாரும் சொல்லாத ஒன்று: இடப்பக்கக் கீழ்த்தாடையிலும் 3 செ.மீ. தடிப்பு இருந்தது, அங்கும் இரண்டு பற்கள் ஆடின. நாலு திக்கிலும் தாடையை விரலால் தடவிப் பார்த்தபோதுதான் அது கையில் பட்டது. முகத் தசைகளின் அசைவும், முகவாயிலும் கீழுதட்டிலும் தொடுவுணர்வும் இருபக்கமும் சமமாக இருந்தன. இவற்றைக் கட்டாயம் பார்த்து எழுதிவைக்க வேண்டும். மூளை நரம்பு ஒன்று செயலிழந்திருந்தாலும் சிகிச்சைப் பிரிவே மாறிவிடும்.

தாடைகள் முழுவதையும் காட்டும் எக்ஸ்ரேயில், பல் வேரைச் சுற்றித் தெரிய வேண்டிய மெல்லிய வெள்ளைக் கோடு வலது மேல்தாடையிலும் இடது கீழ்த்தாடையிலும் அழிந்திருந்தது. முளைக்காத நிரந்தரப் பல்லின் மொட்டு ஒன்று இடம்பெயர்ந்து, எலும்பின் பிடியே இல்லாமல் தொங்குவதுபோல் தெரிந்தது.

பர்கிட் லிம்போமா தாடையில் வருவது ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம்தான் அதிகம். 1958இல் டெனிஸ் பர்கிட் உகாண்டாவின் கம்பாலாவிலிருந்து எழுதிய கட்டுரை அந்தத் தாடைக் கட்டிகளைப் பற்றியதே. பிற நாடுகளில் இது பெரும்பாலும் வயிற்றில் தொடங்கும். அதனால் இங்கே தாடை வீக்கத்தைப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பெயர் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. இடம் எதுவாக இருந்தாலும் வேகம் ஒன்றுதான்: உயிரணுக்கள் இரட்டிப்பாக ஒன்றிரண்டு நாள் போதும்.

வயிற்று ஸ்கேனில் இரு சிறுநீரகங்களும் பெருத்து, உள்ளே கட்டித் திட்டுகள் இருந்தன. குடலருகே நிணநீர்க் கணுக்களும் வீங்கியிருந்தன. மார்பு எக்ஸ்ரே தெளிவு. உயிரணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் எல்.டி.எச். நொதி 1,860 (அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 300), யூரிக் அமிலம் 9.8, பாஸ்பரஸ் 5.2, பொட்டாசியம் 4.6, கிரியாட்டினின் 0.7, ஹீமோகுளோபின் 9.6. எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி இரண்டும் இல்லை.

அன்று மாலையே எடுத்த முடிவுகள்

நோயின் பெயர் உறுதியாகும் முன்பே நீரேற்றம் தொடங்கியது. கீமோ எதுவும் கொடுக்காமலேயே யூரிக் அமிலம் 9.8 என்றால், கட்டி தானாகவே சிதைந்துகொண்டிருக்கிறது. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் கணக்கு. இந்தச் சிறுவனின் உடல் பரப்பு 0.74 சதுர மீட்டர், நாளுக்கு 2.2 லிட்டர், அதாவது மணிக்கு 92 மி.லி. அந்தத் திரவத்தில் பொட்டாசியம் சேர்க்கப்படவில்லை. சிறுநீர் மணிக்கு 74 மி.லி.க்குக் குறையாமல் போக வேண்டும் என்று படுக்கையருகே எழுதி ஒட்டப்பட்டது. யூரிக் அமிலம் உருவாவதைக் குறைக்கும் அல்லோபியூரினால் தொடங்கியது. யூரிக் அமிலத்தை அழிக்கும் ராஸ்பூரிகேஸ் தேவைப்படும் என்பதால் ஜி6பிடி நொதிப் பரிசோதனையும் அன்றே அனுப்பப்பட்டது. அந்த நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அம்மருந்தைக் கொடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும்.

சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் தவிர்க்கப்பட்டது. ஏற்கெனவே கட்டி பரவியிருக்கும் சிறுநீரகத்தின் மேல் அந்தச் சுமையையும் ஏற்ற வேண்டியதில்லை. முகத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், தந்தை கையைப் பிடித்துக்கொள்ள மயக்கமருந்து இல்லாமலே. மண்டையோட்டுக்குள் கட்டி நுழையவில்லை.

ஸ்டீராய்டு அடியோடு நிறுத்தப்பட்டிருப்பது உறுதிசெய்யப்பட்டது. மயக்கவியல் மருத்துவரிடம் நேரில் போய்ச் சொன்ன செய்தியும் உண்டு: 'வாந்தி வராமலிருக்க டெக்சாமெத்தசோன் போட வேண்டாம்.' அறுவை அரங்கில் பழக்கத்தின் பேரில் போடப்படும் அந்த ஒரு ஸ்டீராய்டு ஊசியே இக்கட்டியைச் சிதைக்கத் தொடங்கிவிடும். திசு ஆய்வைக் குழப்புவதோடு, அரங்கிலேயே பொட்டாசியத்தையும் ஏற்றிவிடக்கூடும்.

திசு எடுத்த விதம்

மறுநாள் காலை, குறைந்த அளவு கீட்டமின் மயக்கமருந்தும் ஈறில் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்து, தலையை உயர்த்திய நிலையில் வாய்க்குள்ளிருந்து திசு எடுக்கப்பட்டது. கட்டியை முழுவதும் அகற்றும் எண்ணமே இல்லை. மருந்துக்குக் கரையும் கட்டிக்காகத் தாடையை வெட்டினால் முகம் சிதையும், புண் ஆறும் வரை கீமோவும் தள்ளிப்போகும்.

ஊசி ஆய்வு தோற்றதற்குக் காரணம், மேற்பரப்பில் இருந்தது வாயின் கிருமிகளும் அழுகிய சதையும்தான். இம்முறை மேல் பகுதியை ஒதுக்கிவிட்டு, ஈறுக்குள் ஒரு செ.மீ. ஆழத்திலிருந்து நான்கு துண்டுகள் எடுக்கப்பட்டன. முதல் துண்டைக் கண்ணாடித் தகடுகளில் மெல்ல ஒற்றி அச்சு எடுத்தார்கள். இரண்டாவது, உப்புநீரில் நனைத்து, உயிரணுக்களின் அடையாளப் புரதங்களைக் கண்டறியும் ஃபுளோ சைட்டோமெட்ரிக்குப் போனது. மற்ற இரண்டும் ஃபார்மலினில். எல்லாவற்றையும் ஒரே ஃபார்மலின் புட்டியில் போட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அதன்பின் உயிருள்ள உயிரணு தேவைப்படும் சோதனை எதையும் செய்ய முடியாது. அதே மயக்கத்தில் இடுப்பெலும்பின் இருபக்கமும் மஜ்ஜை எடுக்கப்பட்டது.

அன்று பிற்பகலே ஒற்றுத் தகடு பேசியது: நடுத்தர அளவு உயிரணுக்கள், கருநீலச் சைட்டோபிளாசம், அதில் துளையிட்டாற்போல் தெளிந்த குமிழிகள். மறுநாள் நண்பகல் ஃபுளோ முடிவு வந்தது: பர்கிட்டில் எதிர்பார்க்கும் சி.டி.20, சி.டி.10 புரதங்கள் உண்டு, முதிராத உயிரணுக்களின் அடையாளமான டி.டி.டி. இல்லை. மஜ்ஜையில் நோய் இல்லை. பின்னர் வந்த திசு அறிக்கையில் உயிரணுக்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கி-67 ஏறத்தாழ 100 சதவீதம், பி.சி.எல்.2 புரதம் இல்லை, எப்ஸ்டீன்-பார் வைரஸ் உண்டு. பர்கிட்டின் அடையாளமான மிக் மரபணு இடமாற்றத்தை உறுதிசெய்த ஃபிஷ் (FISH) என்ற மரபணுச் சோதனை முடிவு ஒன்பதாம் நாள்தான் கிடைத்தது. அதற்காகக் காத்திருக்கவில்லை, ஒற்றுத் தகடும் ஃபுளோவும் ஒத்துப்போன மூன்றாம் நாளே சிகிச்சை தொடங்கியது.

நிலை III. மஜ்ஜையும் தண்டுவடத் திரவமும் தெளிவு. எல்.டி.எச். வரம்பின் இருமடங்கைத் தாண்டியதால் அதிக ஆபத்துப் பிரிவு. குழந்தைகளின் இவ்வகை லிம்போமாவுக்கான எல்.எம்.பி. என்ற கீமோ முறையின் 'பி' பிரிவுத் திட்டத்துடன், சி.டி.20ஐக் குறிவைக்கும் ரிட்டுக்சிமாப் மருந்தை ஆறு தவணை சேர்ப்பது என முடிவானது. 2020இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இத்தகைய அதிக ஆபத்துள்ள குழந்தைகளில் ரிட்டுக்சிமாப் சேர்த்தவர்கள் மூன்றாண்டு முடிவில் சிக்கலின்றி இருந்த விகிதம் 93.9 சதவீதம், சேர்க்காதவர்களில் 82.3.

முதல் 48 மணி நேரம்

தொடக்கக் கீமோ வேண்டுமென்றே மென்மையாகக் கொடுக்கப்படுகிறது. சதுர மீட்டருக்கு சைக்ளோபாஸ்பமைடு 300 மி.கி., வின்கிறிஸ்டின் 1 மி.கி., பிரெட்னிசோலோன் நாளுக்கு 60 மி.கி. இந்தச் சிறுவனுக்கு முறையே 220 மி.கி., 0.74 மி.கி., 44 மி.கி. முதுகுத்தண்டில் மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி.யும் ஹைட்ரோகார்ட்டிசோனும். வின்கிறிஸ்டின் சிறு உப்புநீர்ப் பையில் கலந்து, வேறு நேரத்தில், வேறு அறையில் கொடுக்கப்பட்டது. அது தவறி முதுகுத்தண்டில் போனால் உயிர் போகும். அதனால் இரண்டு மருந்துகளும் ஒரே தட்டில் வரவே கூடாது.

கீமோவுக்கு நான்கு மணி நேரம் முன்பு ராஸ்பூரிகேஸ் 1.5 மி.கி. குப்பி ஒன்று. காப்பீட்டு முன்அனுமதிக்குக் காத்திராமல் மருத்துவமனை நன்கொடை நிதியில் வாங்கப்பட்டது.

கீமோ தொடங்கிய 14ஆம் மணியில் யூரிக் அமிலம் 0.4. பார்க்க நன்றாக இருந்தது. ஆனால் பாஸ்பரஸ் 8.4, கால்சியம் 7.4, பொட்டாசியம் 5.9, கிரியாட்டினின் 1.1. ராஸ்பூரிகேஸ் யூரிக் அமிலத்தை மட்டுமே அழிக்கும். சிதையும் உயிரணுக்கள் கொட்டும் பாஸ்பரஸுக்கும் பொட்டாசியத்துக்கும் அதில் மருந்தில்லை. யூரிக் அமிலத்தைப் பார்த்து நிம்மதியடைவது இந்நோயில் அடிக்கடி நேரும் ஏமாற்றம். அந்த 0.4கூட, ரத்தக் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பியதால்தான் நம்பத்தக்கது. சாதாரண வெப்பத்தில் போனால் குழாய்க்குள்ளும் மருந்து வேலை செய்துகொண்டே இருக்கும்.

பொட்டாசியம் ஏன் திடீரென ஏறியது என்று தேடியபோது, கட்டிலுக்கு அடியில் இரண்டு இளநீர்க் காய்கள் கிடந்தன. 'மருந்துச் சூடு தணியட்டும்னுதான் குடுத்தேன் சிஸ்டர்' என்றார் பாட்டி. ஒரு இளநீரில் அரை கிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கும். மற்ற நாளில் நல்லது, அந்த நாளில் இதயத்துக்கு ஆபத்து. பாட்டியைக் குறைசொல்ல இதில் எதுவுமில்லை. வாழைப்பழம், இளநீர், பழச்சாறு கூடாது என்பதையும், பாஸ்பரஸுக்காகப் பாலும் தயிரும் மூன்று நாள் வேண்டாம் என்பதையும் அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. தாயிடம் மட்டும் சொல்லியிருந்தார்கள். இரவில் குழந்தையுடன் இருந்தவர் பாட்டி.

ரத்தம் உடைந்து பொய்யாக ஏறிய எண்ணா என்று அறிய, கையில் பட்டை இறுக்கிக் கட்டாமல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், 5.8. இ.சி.ஜி. சரியாக இருந்தது. சால்பியூட்டமால் நெபுலைசர் இருமுறை கொடுத்து, தொடர் மானிட்டரில் வைத்தார்கள். கால்சியம் குறைவாக இருந்தும் ஏற்றப்படவில்லை. வலிப்போ தசைப்பிடிப்போ இல்லாதபோது கால்சியம் கொடுத்தால் அது பாஸ்பரஸுடன் சேர்ந்து சிறுநீரகத்தில் படிந்துவிடும். சோடா பைகார்பனேட்டும் கொடுக்கவில்லை. சிறுநீர் காரமானால் அந்தப் படிவு இன்னும் எளிதாகும்.

16ஆம் மணியில் சிறுநீர் மணிக்கு 40 மி.லி.யாகக் குறைந்தது. உடல் நீர் வற்றவில்லை என்று எடையும் ரத்த அழுத்தமும் பார்த்து உறுதிசெய்த பிறகு, சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடு 18 மி.கி. ஒருமுறை. 18ஆம் மணியில் சிறுநீரகப் பிரிவுக்குச் சொல்லி, டயாலிசிஸ் இயந்திரமும் சிறுவர் கதீட்டரும் தயாராக வைக்கப்பட்டன. பாஸ்பரஸ் 24ஆம் மணியில் 9.1 வரை போய், பிறகு இறங்கத் தொடங்கியது. 48ஆம் மணியில் 5.6, கிரியாட்டினின் 0.8. டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

அந்த இரண்டு நாளும் ஆறு மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுக்கப்பட்டது. கீமோ தொடங்கிய மூன்றாம் நாள் கண் பிதுக்கம் போனது. ஏழாம் நாள் கன்னம் ஏறக்குறைய இயல்பு.

வீட்டுக்குப் போகக் கேட்ட வாரம்

நோய் வேகமாகக் கரைவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முகம் சரியானதும் ஊரில் இருந்து வந்தவர்கள் 'இனி எதுக்கு மருந்து, புள்ளைய வாட்டணுமா?' என்று கேட்டார்கள். அறுவடைக் காலம் வேறு. செவிலியர் ஒருவர் தாயையும் பாட்டியையும் உட்காரவைத்து, முதல் நாள் எக்ஸ்ரேயையும் ஏழாம் நாள் எக்ஸ்ரேயையும் அருகருகே காட்டினார். 'பாருங்கம்மா, வெளிய வீக்கம் வத்திப்போச்சு. எலும்புல அரிச்ச இடம் அப்படியே இருக்கு. இப்ப நிறுத்துனா திரும்பி வர்றது இந்த மருந்துக்குக் கேக்காது.' தேதிகள் குறித்த ஒற்றைத் தாள் அட்டவணை கையில் கொடுக்கப்பட்டது. தந்தையின் கூலி இழப்புக்கு உதவித்தொகையும் தங்குமிடமும் சமூகப் பணியாளர் வழியாக ஏற்பாடாயின. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் மருந்துச் செலவை ஏற்றது. வழிச்செலவையும் வருமான இழப்பையும் அது ஏற்காது. சிகிச்சையைப் பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் விழுகிறார்கள்.

அடுத்த சுற்றுகள்

கீமோவின் எட்டாம் நாள் கடுமையான சுற்று தொடங்கியது: மெத்தோட்ரெக்சேட் 2.2 கிராம் மூன்று மணி நேரத்தில், டாக்சோரூபிசின் 44 மி.கி., மூன்று நாள் சைக்ளோபாஸ்பமைடு, வின்கிறிஸ்டின், ஸ்டீராய்டு. 24ஆம் மணியிலிருந்து ஆறு மணிக்கொருமுறை, மெத்தோட்ரெக்சேட்டின் நச்சைத் தணிக்கும் லூக்கோவோரின் 11 மி.கி.

48ஆம் மணியில் மெத்தோட்ரெக்சேட் அளவு 1.6 மைக்ரோமோலாக இருந்தது, எதிர்பார்த்ததைவிட அதிகம். மருந்துச் சீட்டை வரிவரியாகப் பார்த்ததில், ஸ்டீராய்டுடன் வயிற்றுக்காகத் தொடங்கிய பேண்டப்ரசோல் நிறுத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. மெத்தோட்ரெக்சேட் வெளியேறுவதை அது தாமதப்படுத்தும். கோட்ரைமாக்சசோல், இபுபுரூஃபென் போன்றவையும் அப்படியே. பேண்டப்ரசோலை நிறுத்தி, லூக்கோவோரினை இருமடங்காக்கி, அளவு 0.1க்குக் கீழே இறங்கும் வரை, அதாவது 120ஆம் மணி வரை, தொடர்ந்தார்கள்.

அந்தத் தாமதத்துக்கான விலையை வாய் கொடுத்தது. ஆறாத பல் குழி, அதைச் சுற்றி வெந்த ஈறு. எச்சில்கூட விழுங்க முடியாத புண். ரத்தநாளத்தில் சொட்டுச்சொட்டாக மார்ஃபினும் மூக்குக்குழாய் உணவும் தேவைப்பட்டன. அந்தச் சுற்றின் ஒன்பதாம் நாள் வெள்ளணுக்கள் சரிந்த நிலையில் காய்ச்சல் வந்தது. முதல் ஆன்டிபயாட்டிக் 40 நிமிடத்தில் போடப்பட்டது. ரத்தத்தில் கிருமி வளர்த்துப் பார்த்ததில் கிளெப்சியெல்லா பாக்டீரியா, அதுவும் அந்த மருந்துக்குக் கட்டுப்படாத வகை. மெரோபெனெமுக்கு மாற்றியதும் காய்ச்சல் நின்றது. அடுத்த சுற்று ஒன்பது நாள் தாமதமானது. இந்நோயில் ஒன்பது நாள் சிறிய தாமதமல்ல.

இரண்டாம் கடுஞ்சுற்றும், அதன்பின் சைடராபின் என்ற கீமோ மருந்துச் சுற்றுகளும் பெரிய தடங்கலின்றி முடிந்தன. முதல் சைடராபின் சுற்றுக்குப் பின் எடுத்த ஸ்கேனில் இடது கீழ்த்தாடையில் ஒரு தடிப்பு மிச்சமிருந்தது. பெட் ஸ்கேனிலும் அது லேசாக ஒளிர்ந்தது. ஆறும் எலும்பும் அப்படி ஒளிரும் என்பதால், ஸ்கேனை மட்டும் வைத்துச் சிகிச்சையைக் கூட்டாமல் திசு எடுத்துப் பார்த்தார்கள். வடுவும் புது எலும்பும்தான். புற்று உயிரணு இல்லை. கதிர்வீச்சும் அறுவை சிகிச்சையும் இன்றி சுமார் நான்கரை மாதத்தில் சிகிச்சை நிறைவுற்றது.

விளைவு

சிகிச்சை முடிந்து இரண்டு ஆண்டு. நோய் திரும்பவில்லை. பர்கிட் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள்ளேயே திரும்பும். டாக்சோரூபிசின் மொத்தம் சதுர மீட்டருக்கு 120 மி.கி. என்பதால், இதயத்தைப் பார்க்கும் எக்கோ தொடர்கிறது, இதுவரை இயல்பு. ரிட்டுக்சிமாபுக்குப் பின் குறைந்த இம்யூனோகுளோபுலின் (நோய் எதிர்ப்புப் புரதம்) 14 மாதத்தில் மீண்டது, அதன் பிறகே தடுப்பூசிகள் மறுபடி தொடங்கின. வலது மேல்தாடையில் இரு நிரந்தரப் பற்களின் மொட்டுகள் அழிந்துவிட்டன. தாடை வளர்ச்சி நிற்கும் வரை கழற்றி மாட்டும் செயற்கைப் பல்.

மாற்றியவை

அப்பகுதிப் பல் மருத்துவர்களுக்கு ஒரு கோரிக்கை அனுப்பப்பட்டது: 9 வயதுக்குக் குறைந்த குழந்தைக்குச் சொத்தையில்லாத கடைவாய்ப்பல் ஆடினால், பிடுங்கும் முன் எக்ஸ்ரே எடுத்து, வேரைச் சுற்றிய வெள்ளைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அன்றே தொலைபேசியில் அழையுங்கள். பல் பிடுங்கினால் நோய் குணமாவது கெடாது. ஆனால் திறந்த குழி பின்னர் புண்ணுக்கும் தொற்றுக்கும் வாசலாகிறது.

உணவுத் தடைப் பட்டியல் இப்போது படங்களுடன் கட்டிலில் தொங்குகிறது. இரவில் உடனிருப்பவர் யாரோ அவரிடமே அது விளக்கப்படுகிறது. மெத்தோட்ரெக்சேட் தொடங்க 48 மணி நேரம் முன்பு மருந்தாளர் சீட்டு முழுவதையும் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எல்.டி.எச். வரம்பின் இருமடங்குக்கு மேல் இருந்தாலோ சிறுநீரகத்தில் கட்டி இருந்தாலோ, சிறுநீரகப் பிரிவுக்கான தகவல் 18ஆம் மணி வரை தள்ளாமல் கீமோவின் முதல் சொட்டு இறங்குவதற்கு முன்பே போகிறது.